மஞ்சள் உறை

மறுபடி வந்திருக்கிறது மஞ்சள் உறை.
பாதி தின்ற ஆப்பிளுக்கும் கணக்கு நோட்டுக்கும் நடுவே
பையின் அடியில் கசங்கிக் கிடந்தது.
‘அன்புள்ள பெற்றோருக்கு’ என்று தொடங்குகிறது.
அன்பில் தொடங்கும் எந்தக் கடிதமும்
இப்போது எனக்குப் பயம்.

பிப்ரவரியில் கேக். மார்ச்சில் சமோசா.
ஏப்ரலில் சீருடை இல்லாத வெள்ளிக்கிழமை:
எண்ணூறு ராண்ட் கொடுத்து வாங்கிய சீருடையை
ஒருநாள் போடாமல் இருப்பதற்கு
ஐந்து ராண்ட்.
மே மாதம் பிரியாணி.
அரிசி களைந்தது நாங்கள், வெங்காயம் அரிந்தது நாங்கள்,
பொட்டலம் அறுபது ராண்டுக்கு
வரிசையில் நின்று வாங்கியதும் நாங்கள்.

இந்த முறை குலுக்கல். இருபது சீட்டு, ஒன்று பத்து ராண்ட்.
யாரிடம் விற்க?
மொபேனியில் என்னோடு பெட்டி அடுக்கும் பெண்கள் பதினான்கு பேர்.
பதினான்கு பேர் பைக்குள்ளும்
வெவ்வேறு பள்ளியின் இதே புத்தகம்.
இடைவேளையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
தேநீர் குடிக்கிறோம்.

எதிர்வீட்டு லோகாம்பாள் ஒன்று வாங்கினாள்.
அவள் தந்த நோட்டின் மூலையில்
யாரோ நீல மையில் எழுதிய போன் நம்பர்.
மறுநாள் அவள் மகன் சாக்லேட் பெட்டியோடு
கதவைத் தட்டினான்.
பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று
உறையிலிருந்து அதையே எடுத்துக் கொடுத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை அது நொம்பூசோ வீட்டில்.
புதன்கிழமை திரும்ப என் கையில்.
பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு
தெரு சுற்றும் பையனைப் போல
சாட்ஸ்வொர்த்தை விட்டுப் போகவே இல்லை அந்தப் பத்து ராண்ட்.

திரோஷாவுக்கு இது ஒன்றும் தெரியாது.
இருபதும் விற்றால் இருட்டில் மின்னும் வளையல்.
“ரேஹானா அப்பா ஆபீஸ்லயே எல்லாத்தையும் வித்துட்டாராம்மா.”
அந்த ‘ஆம்’ போதும்
ஒரு தாயைத் தலைகுனிய வைக்க.

மிச்சம் பதினாறையும் நானே வாங்கினேன்,
மின்சார மீட்டருக்கு எடுத்து வைத்த காசில்.
பதினாறு முறை என் பெயரை எழுதி முடித்தபோது
அது யாருடைய பெயரோ மாதிரி இருந்தது.
அன்றிரவே வெளிச்சம் போனது.
வளையல் வந்தபின் ஒருநாள் மறுபடி போனது;
அப்போது நன்றாகவே மின்னியது, சொல்லக் கூடாது.

மூன்றாம் பரிசு எனக்கு விழுந்தது.
கூடைக்குள் மீன் டின், அரிசி,
மூடியில் பாதி கிழிந்த சிவப்பு ஸ்டிக்கரோடு
ஒரு பாட்டில் எண்ணெய்.
அந்த ஸ்டிக்கரைக் கிழித்தவளே நான்தான்.
போன மாதம்
நன்கொடையாகக் கொடுத்தனுப்பிய எண்ணெய்.

கூட்டத்தில் எழுந்து கேட்டேன்:
“மொத்தம் எவ்வளவு வேணும்?”
தலைமையாசிரியர் ‘சமூக உணர்வு’ என்றார், மூன்று தடவை.
நான்காவது தடவை எண் வந்தது.
ஒழுகும் இரண்டு வகுப்பறைக்கு அறுபத்து நான்காயிரம்.
பிள்ளைகள் அறுநூறு.
நொம்பூசோ போனில் வகுத்தாள்.
தலைக்கு நூற்றேழு ராண்ட்கூட வரவில்லை.
மாதத்துக்கு ஒன்பதைத் தொடவில்லை.
மண்டபம் கொஞ்ச நேரம்
தான் தின்ற கேக்கையெல்லாம் எண்ணிப் பார்த்தது.

“அதுவும் முடியாதவங்க?” என்றது ஒரு குரல்.
யாரைச் சொல்கிறார்கள் என்று தெரிந்ததால்
யாரும் திரும்பவில்லை.
அவரே எழுந்தார், பின்வரிசையில்.
குபேன் மூட்லி. பெயரில் மட்டும் குபேரன்;
ஃபாக்டரி மூடி எட்டு மாதம்.
“காசு கிடையாது,” என்றார். “ஏணி இருக்கு.”

‘பரிசீலனைக்கு’ என்று எழுதிக்கொண்டார்கள்.
அடுத்த வாரமே வந்தது இன்னொரு உறை, வாக்கத்தான்.
நான் திருப்பி அனுப்பினேன்,
தகடு வாங்க நூற்றேழு ராண்டை உள்ளே வைத்து.
எத்தனை பேர் அப்படி அனுப்பினார்கள் தெரியாது.
ஒரு அறைக்கு வந்தது.

சனிக்கிழமை ஏணியின் அடியைப் பிடித்தபடி நிற்கிறேன்.
மேலே குபேன் தகட்டைத் தட்டுகிறார்.
லோகாம்பாள் தட்டு நிறைய சமோசா கொண்டு வந்தாள்.
என் கை தானாகப் பர்ஸுக்குள் போனது.
“எவ்வளவு?” என்றேன்.

“சும்மா தின்னுடி.”